அழுத்தினேன் என்றார் ஓட்டுநர்

பட்டறையில் எல்லோரும் அவளை வயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் முதலாளிகூட அவளைக் கேட்காமல் ஒரு ஃபியூஸைத் தொடமாட்டார்.

அன்று காலை சாம்பல் நிறக் கார் ஒன்றை மருந்துக்கடைக்காரப் பெண் ஒருத்தி ஓட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டில் அவளுடைய அப்பா.

"ஹேண்ட்பிரேக்கைப் பார்க்கணும்க்கா. ரெண்டு இடத்துல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாங்க. நீங்களும் அதையே சொன்னா அப்பா இனிமே வண்டியைத் தொட வேணாம்னு முடிவு பண்ணிருக்கோம்."

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். போன மாதம் அவர் நிறுத்திவிட்டுப் போன கார் இரண்டு தடவை சரிவில் தானாக உருண்டது. முதல் தடவை குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. அடுத்த தடவை எதிர்வீட்டுக் கேட்டை நசுக்கியது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அங்கே ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்தினேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மறதி என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது.

மகள் போன் பேச வெளியே போனதும் அவர் மெல்லக் கேட்டார். "உண்மையைச் சொல்லும்மா. அழுத்தாமலே அழுத்தினதா ஒருத்தனுக்குத் தோணுமா?"

"வண்டியை முதல்ல கேப்போம்யா. அப்புறம் உங்களைக் கேப்போம்."

சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு அவள் பட்டனை நாற்பது தடவை அழுத்தினாள். நாற்பது தடவையும் பின்சக்கர மோட்டார்கள் முனகிக்கொண்டு பிரேக்கைப் பிடித்தன. பெரியவரின் முகம் சுருங்கிப்போனது.

"உருண்ட அன்னிக்கு என்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "காலையில வண்டியைக் கழுவினேன். ரெண்டு நாளுமே கழுவின நாள்தான். சரிவுல நிறுத்தி பட்டனை அழுத்தினேன். சிவப்பு லைட்டு வந்துச்சு, இறங்கிட்டேன். பஸ்ல பழகின கை, நியூட்ரல்லதான் விடுவேன்."

"அந்தப் பழக்கத்தை விடுங்க. கியர்ல போட்டுட்டு இறங்கணும்" என்று செல்லமாகக் கடிந்தவள், ஹோஸை எடுத்து காரின் கூரைமேல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டாள். பிறகு பின்சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கினாள். கதவு ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீர் அங்கே குட்டையாக நின்றது. நடுவில் ஒரு எர்த் போல்ட், பாசி பிடித்ததுபோல் பச்சை பூத்திருந்தது. பிரேக் மோட்டார்களுக்குப் போன கரண்ட் அந்த ஒரு போல்ட் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும்.

மீட்டரின் ஒரு முனையை போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். "நீங்களே அழுத்துங்கம்மா."

மகள் அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் ஒரு முனகலோடு செத்துப்போனது. மீட்டர் ஐந்து வோல்ட்டைக் காட்டியது.

"இங்க அரை வோல்ட்கூட வரக்கூடாது. ஈரமானா பாதிக் கரண்ட் இங்கயே மாட்டிக்குது. காய்ஞ்சா மறுபடியும் ஒழுங்கா பிடிக்குது. அதான் மத்தவங்க கண்ணுல படல."

மகள் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு சீட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உங்களை டாக்டர்கிட்ட வேற கூட்டிட்டுப் போனேனேப்பா."

"போனது நல்லதுதான்" என்றார் அவர். "அடுப்பை அணைக்காம விட்டது நான்தானே. அதை மோட்டார் மேல போட முடியுமா?"

மகள் சிரிக்க நினைத்து அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தபடி நின்றார்.

வயரக்கா துருவைச் சுரண்டி, வயருக்குப் புது முனை போட்டு, போல்ட்டை இறுக்கினாள். கதவு ரப்பரையும் மாற்றினாள். திரும்பத் தண்ணீர் ஊற்றி அழுத்தியபோது சக்கரம் இரும்பாகப் பிடித்தது.

"நீங்க ஓட்டுங்கப்பா" என்றாள் மகள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் ஏறினார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, இரண்டு பக்கமும் பார்த்து, பட்டறை வாசலைத் தாண்டி நிதானமாகத் தெருவில் இறக்கினார்.