ஈஸ்டர் முடிந்தும் விடாத விரதம்

என் வீட்டுக்காரர் ஜாஸ்பர் இந்தத் தவக்காலத்தில் கறியோடு சேர்த்து என்னையும் ஒதுக்கி வைத்தார். தாம்பத்தியத்தை விடுவதும் கடவுளுக்காகச் செய்கிற ஒறுத்தல்தான் என்றார். சாந்தோமில் எங்கள் மாதிரி கோயில் குடும்பங்களில் சிலர் அப்படி இருப்பதுண்டு. நாற்பது நாள்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன். ஈஸ்டர் வந்தது, பிரியாணியை ஒரு பிடி பிடித்தார், ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டால், வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருக்கிறாராம், செப்டம்பர் திருவிழா வரைக்கும்.

நான் ஒரு மடச்சி. இவ்வளவு பக்தியா என்று பூரித்துப்போய் அன்பியத்தில் சொல்லிவிட்டேன். எங்கள் தெருக்காரர்கள் வாராவாரம் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற கூட்டம் அது. பெரிய நேர்த்தியில் இருக்கிறார் என்றேனே தவிர, என்ன நேர்த்தி என்று சொல்லவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது. அதிலிருந்து வாராவாரம் அவருக்காக எல்லாரும் ஜெபம் சொன்னார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பணிவு என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

போகப்போக எனக்கு வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அடிவயிற்றில் பெரிய தழும்பு. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மனுஷன் மாதாவைத் துணைக்கு இழுக்கிறாரோ? அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் கண்ணாடிப் பக்கமே போகமாட்டேன். யாரிடம் போய்ச் சொல்ல? ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளைக்கு இது ஒரு கேடா என்பார்கள். வெட்கக்கேடு.

ஜூன் மாசம் மந்தைவெளியில் சர்க்கரை டாக்டர் மணிமொழியிடம் போனோம். ஜாஸ்பருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. இந்த முறை ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். கால் மரத்துப்போகிறதா, கண் பார்வை எப்படி என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், அதே குரலில், தாம்பத்தியத்தில் ஏதாவது சிரமம் உண்டா என்றும் கேட்டார். ஜாஸ்பர் மேசையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"நாலஞ்சு மாசமாவே முடியல டாக்டர்," என்றார். பாதிக் குரல்தான் வந்தது.

டாக்டரம்மா அசரவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டு ஆண்களுக்கு இப்படி ஆவது சகஜம், மனசில் ஆசை இருந்தாலும் உடம்பு கேட்காது, முதலில் இதயத்தைப் பரிசோதித்துவிடலாம், அப்புறம் இதற்கும் மருந்து இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாக அடக்கத்தான் பார்த்தேன். வாய்விட்டே சிரிப்பு வந்துவிட்டது.

ஜாஸ்பர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில்தான் அவரைப் பிடித்தேன். முகம் கறுத்துக் கிடந்தது. போ, இதையும் போய் அன்பியத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வை என்றார். எனக்கு அது வேண்டியதுதான். சுற்றிலும் ஜனம் நின்றது. கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனால் இப்போது வாயை மூடிக்கொண்டால் இந்த மனுஷன் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டார்.

"ஏங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் என் உடம்பு உங்களுக்கு அருவருப்பா போச்சுன்னு நெனச்சி செத்துக்கினு இருந்தேன். சர்க்கரைதான்னு டாக்டர் சொன்னதும் சந்தோஷம் தாங்கல. அதான் சிரிச்சிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார்.

"அருவருப்பா? பக்கத்துல படுத்துக்கினு உன் கையைத் தொடக்கூட பயந்துக்கினு கெடந்தேன் ஜொவிட்டா. தொட்டுட்டா, அதுக்கு மேல என்னால முடியாதேன்னு."

"கையைத் தொட்டிருந்தாலே போதுமேங்க," என்றேன்.

அத்தனை பேர் பார்க்க அவர் அழுதார்.