பார்னபியிடம் யாரும் கேட்கவில்லை

எங்கள் லண்டன் நீதிமன்றத்தில் நீதிபதி உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து தலைகுனிவோம். அவரும் பதிலுக்குக் குனிவார். அந்தச் செவ்வாய்க்கிழமை, வழக்குப் போட்டிருந்த ஹெஸ்டர் பாப்ஜாய் அம்மாளின் கூடையிலிருந்த வாத்தும் குனிந்தது.

கூடையை வாசலில் தடுத்திருக்க வேண்டிய ஊழியன் நான்தான். “இவனைத் தனியா விட்டா அழுவான், ஐயா” என்றார் அந்த அம்மாள். விட்டுவிட்டேன்.

ஊர்க்குளத்து வாத்துகளை அகற்ற அதிகாரி முடிவெடுக்கலாம், அந்த முடிவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. கணவர் இறந்ததிலிருந்து ஹெஸ்டருக்கு இருந்த ஒரே துணையான பார்னபி என்ற இந்த வாத்தை வெள்ளிக்கிழமை பிடித்துப்போக உத்தரவு. அவருக்கு வக்கீல் கிடையாது.

அரசு வக்கீல் குவெனல் பொய்முடியைச் சரிசெய்துகொண்டார். “மை லேடி, நாடாளுமன்றம் சர்வ வல்லமை உள்ளது. செவ்வாய்க்கிழமையே கிடையாதுன்னு சட்டம் போட்டாலும் செல்லும்.”

கோயிலில் நாங்கள் கடவுள் ஒருவரை மட்டுமே சர்வ வல்லமை உள்ளவர் என்போம். எனக்கு இருமல் வந்தது.

“அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?” என்றார் நீதிபதி லாத்பரி அம்மையார். “சரி, சட்டத்தை நான் ரத்து பண்ண முடியாது. ஒத்துக்கறேன். முடிவெடுக்கறதுக்கு முன்னாடி இந்த அம்மாகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கணும்னு சட்டத்துல இல்லையே, மை லேடி.”

“கேக்கக் கூடாதுன்னு இருக்கா?”

குவெனல் சட்டத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “இல்லை.”

“நாடாளுமன்றத்துல அறுநூத்தைம்பது பேர் உக்காந்து போட்ட சட்டம். அத்தனை பேரும் மரியாதை தெரியாதவங்கன்னு நான் எழுதணுமா? மாட்டேன். அவங்க நல்லவங்க, கேட்டுட்டுதான் முடிவெடுக்கணும்னு நினைச்சிருப்பாங்கன்னுதான் எழுதுவேன். கேக்காம எடுத்தது முடிவே இல்லை. இல்லாத முடிவை நான் எங்க கேள்வி கேட்டேன்?”

“குவாக்” என்றது கூடை.

“மறுபடியும் விசாரிக்கச் சொல்றீங்களா, மை லேடி?”

“மறுபடியும் இல்லை. முதல் தடவையா.”

மதிய இடைவேளையில் குவெனல் தயங்கித் தயங்கி ஹெஸ்டரிடம் வந்தார். “அம்மா, அதிகாரிகிட்ட என்ன சொல்லணும்னு சொன்னீங்கன்னா...”

“பசியோட கேக்காத தம்பி. உக்காரு.” தன் சீஸ் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தார். மீதியில் பாதி பார்னபிக்கு. குவெனல் நான்கு பக்கம் எழுதினார். நடுவில் ஒருமுறை மூக்கைச் சிந்தினார்.

அடுத்த வாரம் அதிகாரியே ஹெஸ்டர் வீட்டுக்குப் போய், இரண்டு கோப்பை தேநீர் குடித்து, எல்லாவற்றையும் கேட்டாராம். கிளம்பும்போது பார்னபி தலைகுனிந்ததாம். அவரும் குனிந்துவிட்டு, உத்தரவைத் திரும்பப் பெற்றார்.

அந்த ஞாயிறு கோயிலில் அறுநூற்றைம்பது பேருக்காகவும் வேண்டிக்கொண்டேன்.