இரண்டு சாக்குப் புத்தகம்

தாட்சாயணிக்கு இது கடைசிப் பரீட்சை. ஆந்திராவில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு டி.எஸ்.சி. என்று ஒன்று வைக்கிறார்கள். வருஷாவருஷம் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது வருவது அரசாங்கத்துக்கு மனசு வரும்போது. அடுத்த முறை மனசு வருவதற்குள் தாட்சாயணிக்கு வயது வரம்பு தாண்டிவிடும். சித்தூரில் ஆசிரியர் பயிற்சி முடித்த நாள் முதலாக நகரிப் பக்கத்துத் தனியார் பள்ளிகளில், வாய்க்கும் கைக்கும் பற்றாத சம்பளத்துக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பவள். இந்த வேலை கிடைத்துவிட்டால் அவள் வீட்டுக்காரன் சீனு பவர்லூமில் பார்க்கிற இரண்டாவது ஷிப்டையாவது விட்டுவிடலாம். பஞ்சுத் தூசியில் அவன் இருமுகிற இருமல் தெருக்கோடி வரை கேட்கிறது.

அவள் எழுதுவது தமிழ் மீடியத்தில். வம்பே அங்கேதான். தெலுங்கில் எழுதுகிறவர்களுக்குக் கைடு புத்தகம் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். திருத்தணிக்குப் போனால் தமிழ்ப் புத்தகமும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடம். ஆந்திரப் பாடம் தமிழில் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரன் மேலும் கீழும் பார்ப்பான். ஆகவே தாட்சாயணி புத்தூரில் ரிடையரான ஒரு வாத்தியார் வீட்டுப் பரணிலிருந்து கொஞ்சம், சத்தியவேட்டில் யாருடைய அலமாரியிலிருந்தோ கொஞ்சம் என்று பிச்சையெடுக்காத குறையாக வாங்கினாள். சிலதை ஜெராக்ஸ் எடுத்தாள். கிடைக்காததை உட்கார்ந்து கையாலேயே எழுதினாள். இப்படிச் சேர்ந்தது இரண்டு சாக்கு. மழையில் கூரை ஒழுகினால் அவள் முதலில் தூக்குவது பிள்ளையையா சாக்கையா என்று சீனு கிண்டல் செய்வான்.

போன வருஷம் திருப்பதியில், அலிபிரி போகிற ரோட்டில், மாடியில் இருந்த ஒரு கோச்சிங் சென்டர் தமிழ் மீடியத்துக்கும் ஆப் கொண்டுவரப் போகிறது என்று கேள்விப்பட்டு ஓடினாள். அங்கே எல்லா வேலையும் பார்த்தவன் சுதீர். தெலுங்குக்காரன். தமிழை இழுத்து இழுத்துப் பேசினாலும் மரியாதையாகப் பேசுவான்.

“உங்க புஸ்தகத்த எங்களுக்கு இச்சேயண்டி அக்கா, குடுத்துடுங்க. ஸ்கேன் பண்ணி ஆப்ல போட்டுடறோம். உங்களுக்கு ஃபீசே வேணா. லைஃப் டைம் அக்சஸ்.”

“ஸ்கேன் பண்ணிட்டு திருப்பிக் குடுப்பீங்களா?”

“எதுக்கு அக்கா? எல்லாம் போன்லயே இருக்கப் போவுது. கரையான் அரிக்காது, மழைல நனையாது.”

நியாயமாகத்தான் பட்டது. புத்தகத்தின் முதுகை அறுத்துத் தாள் தாளாகப் பிரித்தால்தான் அந்த மெஷினுக்குள் போகும் என்பதும், பிரித்த தாள் எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விட்டது என்பதும் அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்தபோதும் அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அதுதான் கொடுமை. போனைத் திறந்தால் அவளுடைய பக்கங்கள் அப்படியே இருந்தன, ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதிய குறிப்பு உட்பட. “பாருய்யா, என் கையெழுத்து,” என்று சீனுவுக்குக் காட்டினாள். சாக்கு இருந்த மூலையில் தையல் மெஷின் வந்து உட்கார்ந்தது.

புத்தூர் காஞ்சனா மட்டும் தன் புத்தகங்களை அந்த சென்டருக்குக் கொடுக்கவில்லை. அவளும் இதே பரீட்சைக்குப் படிக்கிற பெண், தாட்சாயணியைவிட ரொம்பச் சின்னவள், அதே போலத் தேடித் தேடிச் சேர்த்தவள். கொடுக்க மனசு வரவில்லை அக்கா என்றாள். “இன்னாடி, கல்யாணத்துக்கு அதையே சீர் வரிசையா எடுத்துக்கினு போவப் போறியா?” என்று தாட்சாயணி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில் வைத்துச் சிரித்தாள்.

இந்த வருஷம் பரீட்சை அறிவிப்பு வந்தது. அது வந்த வாரத்திலேயே ஒரு காலையில் ஆப்பைத் திறந்தால் உங்கள் சந்தா செயலில் இல்லை என்று இங்கிலீஷில் வந்தது. அணைத்துப் போட்டாள். அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். பக்கத்து வீட்டுப் பையனின் போனில் போட்டுப் பார்த்தாள். பொதுஅறிவு, தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாம் இருந்தன. தமிழ் என்ற வார்த்தையே அதில் இல்லை. 

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போனாள். மாடியில் இப்போது ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். கீழே ஜெராக்ஸ் கடையில் விசாரித்து, ரேணிகுண்டா ரோட்டில் சுதீரைக் கண்டுபிடித்தாள். வேறு கம்பெனி, கழுத்தில் வேறு அடையாள அட்டை.

“அந்த ஆப்ப ஹைதராபாத் கம்பெனிக்கு வித்துட்டாங்க அக்கா,” என்றான். “தமிழுக்கு ஆளு ரொம்ப தக்குவ, கம்மி. சர்வர் செலவு எதுக்குன்னு எடுத்துட்டாங்க.”

“அது என் புஸ்தகம்பா.”

“புஸ்தகம் உங்களுதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஆப்ல இருக்கறது கம்பெனிது. பாக்கறதுக்கு பர்மிஷன்தான் உங்களுக்கு. அத எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்னு அதுலயே இருக்குது. நீங்க ஒப்புக்கிட்டுதான உள்ள போனீங்க?”

ஒப்புக்கொள்ளாமல் எப்படி உள்ளே போவது? சம்மதம் என்று ஒரு பொத்தான் வைக்கிறார்கள். சம்மதமில்லை, என் மூட்டையைத் திருப்பிக் கொடு என்பதற்குப் பொத்தான் வைத்த மகராசன் இன்னும் பிறக்கவில்லை. அப்படியே வைத்திருந்தாலும் அதற்குள் மூட்டை பேப்பர்காரனிடம் போயிருக்கும்.

“ஒரு பென் டிரைவ்லயாவது போட்டுக் குடு. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“எங்கிட்ட இல்ல அக்கா. நேனேம் சேஸ்தானு, நான் என்ன பண்றது? அவங்களே வெச்சிருக்காங்களோ அழிச்சிட்டாங்களோ.” அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. “தெலுங்கு மீடியம் கோர்ஸ் வேணும்னா ஃப்ரீயா ஆன் பண்ணித் தரேன்.”

“தெலுங்குல சண்ட போடுவேன்பா. பரீட்ச எழுத முடியாது.”

அவன் கையை விரித்தான். திட்டித் தீர்க்கலாம் என்றுதான் வந்தாள். ஆனால் அவனைத் திட்டி என்ன? அவனுடைய வேலையும் இன்னொருவன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய வேலைதான்.

திரும்பும் பஸ்ஸில் வடமாலப்பேட்டை தாண்டும்வரை அழுதாள். பக்கத்து சீட்டில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியம்மா மலையில் தரிசனம் கிடைக்கவில்லையா என்று விசாரித்து லட்டில் பாதியைக் கொடுத்தாள். புத்தூர் வந்ததும் தாட்சாயணி இறங்கிவிட்டாள். வெட்கத்தைப் பார்த்தால் வேலைக்காகாது.

காஞ்சனா வீட்டில் கட்டில் மேல் அந்தப் புத்தகங்கள் பரந்து கிடந்தன. அதே பழைய அட்டைகள். சைக்காலஜி நோட்டு விரித்தபடி இருந்தது. காஞ்சனா அதை மூடவும் இல்லை, தள்ளவும் இல்லை. உட்காரச் சொல்லி மோர் கொண்டுவந்தாள்.

“ஆப் போச்சாமே அக்கா. கேள்விப்பட்டேன்.”

“சைக்காலஜியும் சயின்சும் மட்டும் குடு காஞ்சனா. கீழ்த் தெருவுல ஜெராக்ஸ் போட்டுக்கினு இன்னிக்கே குடுத்துட்றேன். உன் கண்ணு முன்னாலயே போட்றேன்.”

காஞ்சனா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“நம்ம கேட்டகிரிக்கு தமிழ் மீடியத்துல ஒரே போஸ்ட்டுதான் போட்டுகிறாங்க. பாத்தியா அக்கா?”

“பாத்தேன்.”

“மாப்ள பாக்கறத எங்க நைனா இந்த எக்ஸாம் வரைக்கும்தான் நிறுத்தி வெச்சிகிறாரு. வேல வரலன்னா அத்தோட என் படிப்பும் போச்சி. தப்பா நெனச்சிக்காத.”

தாட்சாயணிக்குத் தப்பாக நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. முடியவில்லை. அவள் இடத்தில் தான் இருந்திருந்தால், வாசலில் குரல் கேட்டதுமே எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறந்திருப்பாள். இந்தப் பெண் அதுகூடச் செய்யவில்லை. ஒரு புத்தகத்தை ஒருத்தி தன் வீட்டில் வைத்திருந்தால், தர மாட்டேன் என்று சொல்கிற உரிமையும் அவளுக்கு இருக்கிறது. கம்பெனிக்காரனிடம் கொடுத்ததோடு தாட்சாயணிக்கு அந்த உரிமை போய்விட்டது, காஞ்சனாவுக்குப் போகவில்லை.

தாட்சாயணி மோரைக் குடித்து முடித்தாள். காஞ்சனா கண் கலங்கி வாசல் வரை வந்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே தவிப்பாக இருந்தது.

“எக்ஸாம் முடியட்டும் அக்கா. அப்புறம் எல்லாத்தையும் நீயே எடுத்துக்கினு போ. திருப்பிக்கூட தர வேணாம். உனுக்கே சொந்தமா வெச்சிக்கோ.”

“சரிம்மா,” என்றாள் தாட்சாயணி.