தாங்க முடியவில்லை

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குப் பாகற்காய் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் ஒருநாள் அவளே தொலைபேசியை எடுத்து, "பாகற்காய் பேசறேன், சொல்லுங்க" என்றதிலிருந்து எல்லோரும் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். 'படித்ததும் பார்த்ததும்' என்று வாராவாரம் ஒரு பக்கம் எழுதுவாள். ஏன்தான் படித்தோம், ஏன்தான் பார்த்தோம் என்றே அது பெரும்பாலும் முடியும். அவள் மட்டும் என்ன செய்வாள்? மேசைக்கு வந்து சேர்வது அந்த லட்சணத்தில் இருந்தது. கவிதைகளைவிட அணிந்துரைகள் அதிகமாக உள்ள கவிதைத் தொகுப்பு. யாராவது செத்தால் உடனே மழை கொட்டுகிற நாவல். "இவங்க வீட்ல சாவு விழுந்தாத்தான் ஊருக்கே தண்ணி வரும் போல" என்று எழுதினாள். அந்த நாவலாசிரியர் இன்றைக்கும் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பார்த்த படத்துக்கு அவளுக்குக் கிண்டல் வரவில்லை. வாந்திதான் வந்தது.

படம் தங்கை வீட்டுக்காரனுடையது. அவன் இயக்கிய முதல் படம். பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சின்ன அரங்கில் போட்டுக் காட்டினான். தங்கை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளை வரைக்கும் அரைத்த மாவுதான், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இடைவேளைக்குப் பிறகு மருத்துவமனைக் காட்சி வந்தது. குழந்தையைப் பறிகொடுத்த கதாநாயகி உதட்டுச்சாயம்கூடக் கலையாமல் படுத்திருந்தாள். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அது ஒரு தடவையாவது அழுதுச்சா?"

வயலின்கள் கூட்டமாக எழுந்தன. "அழுதுச்சும்மா, உன் குரல்லயே அழுதுச்சு" என்றாள் நர்ஸ். முன் வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பிரசவத்தில் குழந்தையை இழந்து படுத்திருந்தபோது தங்கை கேட்ட கேள்வி அது. எழுத்துப் பிசகாமல் அதே கேள்வி. அன்றைக்கு அங்கே இருந்த நர்ஸ் பதில் சொல்லாமல் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். தங்கை வீட்டுக்காரன் மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பாவம், அழுகிறான் என்று இவள் இரக்கப்பட்டாள். சீ, அவன் எங்கே அழுதான்! மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

இப்போது அவன் திரைக்குப் பக்கத்தில் நின்று யார் யார் கைக்குட்டையை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா எழுந்து கழிவறைக்கு ஓடினாள். வாயைக் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியில் தங்கையின் முகம் தெரிந்தது.

"இப்படி எடுக்கப் போறான்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாதுக்கா."

"நாறடிச்சுடறேன் பாரு. நார்நாரா கிழிக்கறேன்."

"வேண்டாங்க்கா." தங்கை குழாயை மூடினாள். "அது என் கதைன்னு வெளிய தெரிஞ்சா, பாக்கறவங்கல்லாம் உச்சுக்கொட்டுவாங்க. என்னால முடியாது. அதை மட்டும் எழுதிடாதே."

அன்று மாலை எழுதிய முதல் வரியில் 'களவாணி' என்ற சொல் இருந்தது. அடித்தாள். 'பிணத்தின் வாயில் அரிசி பொறுக்குகிறவன்' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் தங்கையின் கதை தெருவுக்கு வந்துவிடும். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'மருத்துவமனைக் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.'

பக்கம் அச்சாகி நாலு நாள் ஆகவில்லை, அலுவலகத்துக்கு எதிர்ச் சுவரில் போஸ்டர் முளைத்துவிட்டது. கதாநாயகியின் கண்ணில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கண்ணீர்த்துளி. கீழே மஞ்சள் எழுத்தில், "மருத்துவமனைக் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை!!!" அதற்கும் கீழே, 'பாகற்காயையே அழவைத்த காவியம்.' ஆச்சரியக்குறிகள் அவர்கள் உபயம்.

அடக் கண்றாவியே! இத்தனை காலம் எத்தனையோ பேர் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவள், ஒரே ஒருதடவை பூசி மெழுகினாள். அந்த மெழுகலே அவன் சுவருக்கு வண்ணமாகிவிட்டது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவனே போனில் வந்தான்.

"அக்கா, உங்க ஒரு வரிதான் படத்தையே தூக்கி நிறுத்திருக்கு. என்ன கைம்மாறு செய்யப்போறேனோ."

"போனை வைடா முதல்ல" என்று கத்தினாள். ஆசிரியர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் தங்கை ஒரு துணிப்பையோடு நின்றாள்.

"போஸ்டரைப் பார்த்தேன்" என்றாள்.

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துல எழுதலடி."

"எனக்குத் தெரியாதா உன் அர்த்தம்? அவருக்குத்தான் தெரியல. உன் வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கார். 'பார்த்தியா, உங்க அக்காவே அழுதிருக்கா'ன்னார். 'அழலைங்க, வாந்தி எடுத்தா'ன்னேன். ஜோக்குன்னு நினைச்சுச் சிரிக்கறார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கும் குமட்டிடுச்சுக்கா. கிளம்பி வந்துட்டேன்."

அக்கா பையை வாங்கப் போனாள். தங்கை கொடுக்கவில்லை.

"அடுத்த வாரம் எழுது. என்னோடதுன்னே எழுது, எல்லாருக்கும் தெரியட்டும். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த சினிமா நர்ஸ் 'அழுதுச்சும்மா'ன்னு வாய் கூசாம சொல்றா. எனக்கு மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நான் மயக்கத்துல கிடந்தேன், நீ அன்னிக்குப் பிரசவ அறைக்கு உள்ளதானே இருந்தே? அழுதுச்சா?"

ஊரில் உள்ள புத்தகத்துக்கெல்லாம் பட்டென்று பதில் சொல்கிறவள் அன்றைக்குப்போலவே கண்ணைத் திருப்பப் பார்த்தாள். இங்கே பார்ப்பதற்கு ஜன்னலும் இல்லை.

"இல்லடி" என்றாள். "அழல."

தங்கை தலையை ஆட்டினாள். பையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.