கட்டைவிரலுக்குப் பின்னால்

அறுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கண்தான் எல்லாம். பதினெட்டு வருடமாக ஓட்டும் இவனை எல்லோரும் பருந்து என்றே கூப்பிட்டார்கள். மேலிருந்து பார்த்தே, கீழே எவன் தலைக்கவசத்தின் வார் கட்டாமல் திரிகிறான் என்று சொல்லிவிடுவான்.

கொக்கியில் சரக்கை மாட்டி, வாக்கிடாக்கியில் வழி சொல்பவன் அவன் மனைவியின் தம்பி. வேலையில் ஒரே ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘இடது ரெண்டு’ என்றால் ‘இடது ரெண்டு’. காதில் சரியாக விழுந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அந்த வளையம் முதலில் தெரிந்தது போன வாரம், பொழுது சாய்ந்து தேநீருக்காக இறங்கியிருந்தபோது. நிலாவைத் தள்ளி நின்று சுற்றி வளைத்தபடி, வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, வெளுப்பாக ஒரு பெரிய வட்டம்.

“நிலாவுக்கே மோதிரம் போட்டாச்சு. எனக்குத்தான் இன்னும் பொண்ணு பாக்க ஆளில்ல” என்றான் மைத்துனன்.

“உன் மூஞ்சிக்கு நிலாவே கொஞ்சம் யோசிக்கும்டா” என்றான் பருந்து.

கூட நின்று தேநீர் குடித்த, கட்டட வேலையைப் பார்க்கும் இன்ஜினியரம்மா சிரித்துவிட்டுச் சொன்னாள். “ரொம்ப ஒசரத்துல மெல்லிசா மேகம் இருக்கு. அது முழுக்கப் பொடிப்பொடியா ஐஸ். நிலா வெளிச்சம் அதுக்குள்ள பூந்து, எல்லாப் பொடியிலயும் ஒரே அளவுக்கு வளைஞ்சு வருது. அதான் வட்டமாத் தெரியுது. கைய நீட்டிக் கட்டைவிரலால நிலாவ மறைங்கண்ணே. வளையம் அப்படியே இருக்கும்.”

பருந்து மறைத்துப் பார்த்தான். இருந்தது. கையை விரித்தால் சரியாக ஒரு சாண் தள்ளி.

மறுநாள் மாலை கேபினிலிருந்து பார்த்தபோதும் வளையம் இருந்தது. கொஞ்சம் சிறியது, நிலாவை ஒட்டியே, ஓரத்தில் வானவில் நிறம்.

“மச்சான், நிலாவச் சுத்தி வளையம்.”

“நிலாவச் சுத்தி வளையம்” என்றது வாக்கிடாக்கி.

அதற்கடுத்த நாளும் அப்படியே. விளக்கேற்றும் நேரத்தில் வலது நெற்றிப்பொட்டு வலிக்கும், பார்வை மங்கும். காலையில் எழுந்தால் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டான். ஆறு நாள், ஆறு வளையம். ஆறு முறையும் கீழிருந்து அதே பதில் வந்ததால் மனதில் ஒரு சந்தேகமும் எழவில்லை.

ஏழாம் நாள் முழுநிலா. கம்பிக் கட்டு ஒன்றை ஒன்பதாவது தளத்தில் இறக்க வேண்டும். மைத்துனன் அங்கே நின்றிருந்தான். நெற்றிப்பொட்டில் யாரோ துளை போடுவதுபோல் வலி. நிலாவுக்கு வளையம் இருந்தது. தளத்து விளக்குகளுக்கும் இருந்தது. இறங்கிவிட்டதா மேகம் அவ்வளவு தாழ?

சும்மாதான் கட்டைவிரலை நீட்டினான்.

நிலா மறைந்தது. கூடவே வளையமும் போனது. விரலை எடுத்தான், வந்தது. விளக்கை மறைத்தான், அதன் வளையமும் போனது. மேகத்தில் இருந்தால் எப்படிப் போகும்? இடது கண்ணை மூடினான். உலகம் முழுக்கப் புகை.

கம்பிக் கட்டு அந்தரத்தில் மெல்ல ஆடியது. வாயைத் திறந்தால் கண் பரிசோதனை, லைசென்ஸ் போய்விடும், கூண்டு போய்விடும். கூண்டு போனால் பருந்து யார்? ஆறு நாள் ஓட்டியாயிற்று, இந்தக் கம்பிக் கட்டை மட்டும் இறக்கிவிட்டால்... இரண்டு கண்ணையும் திறந்து குனிந்து பார்த்தான். கீழே மஞ்சளாக இரண்டு புள்ளிகள். எது விளக்கு, எது மைத்துனனின் தலைக்கவசம் என்று தெரியவில்லை.

“மச்சான்.”

“சொல்லுங்க மாமா.”

“எனக்குக் கண்ணு தெரியல.”

“எனக்குக் கண்ணு தெரி...” பழக்கத்தில் வந்த குரல் பாதியில் நின்றது. “என்ன மாமா, வெளாட்டா?”

“இல்லடா. மொதல்ல ஓரமாப் போ. தூணுக்குப் பின்னாடி நின்னு வழி சொல்லு.”

வாக்கிடாக்கியில் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு, “வலது ஒண்ணு.”

“வலது ஒண்ணு.”

“மெல்ல... எறக்கு.”

“மெல்ல எறக்கு.” கண்ணை மூடிக்கொண்டே இறக்கினான். இரும்பு தளத்தில் உட்கார்ந்த சத்தம் கூண்டு வரை வந்தது.

ஏணியில் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினான். தளத்திலிருந்து ஓடி வந்திருந்த மைத்துனன் கீழே அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

“ஆறு நாளும் நீயும் வளையம்னுதானடா சொன்ன?”

“நீங்க சொன்னீங்க, திருப்பிச் சொன்னேன். நீங்க என் தலைக்கு மேல ரெண்டு டன்ன ஆட்டிக்கிட்டிருக்கும்போது நான் நிலாவையா மாமா பாப்பேன்?”

பருந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, வலது கண்ணில் போனது போனதுதான், இடதிலும் ஆரம்பித்திருக்கிறது, அதையாவது காப்பாற்றலாம், இனிக் கிரேன் கிடையாது என்று மறுநாள் டாக்டர் சொன்னார். ஆனால் அவனுக்கு அது அன்றே, அந்தத் தரையிலேயே தெரிந்துபோயிற்று.

“இப்பப் பாரு. நிமிர்ந்து நல்லாப் பாத்துச் சொல்லு. நிலாவச் சுத்தி வளையம்.”

மைத்துனன் நிமிர்ந்தான். வெகுநேரம் பார்த்தான். இந்த முறை அவன் திருப்பிச் சொல்லவில்லை.

“இல்ல மாமா” என்றான். “வெறும் நிலாதான்.”