எழுபத்தேழுக்கு டிக் இல்லை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றைக்கு என் மேலேயே வந்தது.

"நான்சி, பன்னெண்டு மணிக்குள்ள ரிப்போர்ட் போயிரணும். அப்பறம் பஞ்சாயத்துல கெணத்த மூடிருவாக," என்றார் எங்கள் ஆய்வகத்தின் தலைவர் முருகேசன் சார்.

குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிணறு அது. சொந்தக்காரி பேச்சாயி அதை ஊருக்கே திறந்துவிட்டிருந்தார். அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் பதினான்கு என்று காட்டியது கருவி. பத்தைத் தாண்டினாலே குடிக்க ஆகாது. சேதி பரவி, மூன்று நாளாக ஊரில் யாரும் அதில் வாளி விடவில்லை.

பேச்சாயியோ பேகம்பூரில் எங்கள் ஆய்வகத்து மாடிப்படியில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தரம் ஓட்டிப் பார்ப்போம் என்று பாட்டிலை எடுத்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. படிக்கு ஓடினேன்.

"ஏம்மா, பாட்டில எதுல கழுவுனீங்க?"

"கல்லுப்புலதான் தாயி. டெஸ்ட்டுக்குப் போற தண்ணியாச்சே, சுத்தமா இருக்க வேணாமா? நாலு கை உப்பப் போட்டுக் குலுக்குனேன்."

"அப்பறம் அலசுனீங்களா?"

"அலசுனா உப்போட சக்தி போயிருமே!"

அட கடவுளே! எங்கள் கருவி அணுக்களின் எடையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்லும். ஆர்சனிக்கின் எடை எழுபத்தைந்து. கருவிக்குள் ஓடும் ஆர்கான் வாயு நாற்பது, உப்பிலிருக்கும் குளோரின் முப்பத்தைந்து. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் எழுபத்தைந்துதான்! ஆனால் குளோரினில் நாலில் ஒரு பங்குக்கு எடை முப்பத்தேழு. அது ஆர்கானோடு ஒட்டினால் எழுபத்தேழில் போய் நிற்கும். அங்கே ஒன்று நின்றால், எழுபத்தைந்தில் மூன்று உப்பின் வேலை. அதைக் கழித்துவிட வேண்டும்.

கருவி எந்தெந்த எடைகளைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலை மென்பொருளில் திறந்தேன். எழுபத்தேழுக்கு டிக்கே இல்லை. பட்டியல் போட்ட புண்ணியவதி யார்? நானேதான்! தலையில் நறுக்கென்று குட்டிக்கொண்டு, டிக் போட்டு, மூன்றுக்கு ஒன்று என்று விகிதத்தைக் கொடுத்தேன்.

"ஏம்மா, நம்பர் புடிக்கலேன்னா மிஷினத் திருத்துவியா?" என்றார் சார்.

"செத்த நேரம் பேசாம இருங்க சார்!"

கத்தியே விட்டேன். எதிர்க்கடையில் உப்பு வாங்கிவந்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, பழைய பட்டியலிலேயே ஓட்டினேன். ஆர்சனிக் பதினொன்று!

"பாத்தீங்களா? இனி அந்தக் கடையையும் மூடச் சொல்லுவீங்களா?"

புதுப் பட்டியலில் ஓட்டினேன். பூஜ்யம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கெணத்துத் தண்ணிய ஓட்டும்மா, சீக்கிரம்!"

ஓட்டினேன். ஒன்று. ஒன்றே ஒன்று! சார் குழந்தை மாதிரி கைதட்டினார். நான் படிகளைத் தாவி இறங்கினேன்.

"அம்மா! உங்க கெணத்துத் தண்ணி நல்ல தண்ணி! எல்லாம் பாட்டில்ல இருந்த உப்புதான்! தப்பு எங்க மேலயும் இருக்கு. மூட மாட்டாக!"

பேச்சாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மூணு நாளா நான் மட்டும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சேன் தாயி."

"வெஷம்னு சொல்லியுமா?"

"பின்ன? ஊருக்கே எறைச்சு ஊத்துனவ நான்தான. வெஷமா இருந்தா அது மொதல்ல என்னையத்தான கொல்லணும்."