கரை சேராத செங்கானின் பாட்டு

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் தவராஜாவின் மகள் மேனுஜாவின் கலியாணத்தன்று, அறுபது வருடத்துக்கு முந்தைய படத்தின் ஓடக்காரச் செங்கான் கறுப்பு வெள்ளையாகவே மண்டபத்துக்குள் நடந்து வந்தான். வெளியே நல்ல வெயில். அவன் வேட்டியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் ஊற்றியது.

வராமல் என்ன செய்வான்? படத்தில் அவன், காய்ச்சலில் கிடக்கும் மகளுக்கு மருந்தோடு வெள்ளத்தில் ஓடம் வலித்தபடி 'கரையே, கொஞ்சம் பொறு' என்று பாடுவான். அந்தப் பல்லவியை மட்டும் பிய்த்தெடுத்துச் சனம் போன் மணியாக்கியது, கடையில் பொரிக்கிற ரோல்ஸுக்கு விளம்பரமாக்கியது. அல்பர்ட்ஸ்லுண்டில் பிறந்த பொடியள் அவன் மீசையை ரீசேட்டில் போட்டுத் திரிந்தார்கள். அவர்களில் ஒருவரும் படத்தைப் பார்த்ததில்லை. சாமத்தியவீடோ கலியாணமோ, பெண்ணைச் சில்லுப் பூட்டிய ரெஜிபோம் நுரைப்பலகை ஓடத்தில் ஏற்றி இந்தப் பாட்டோடுதான் இழுத்து வருவார்கள். மேடை வந்ததும் பாட்டை வெட்டிவிடுவார்கள். தகப்பன் நடு ஆற்றில் நிற்கிறானே என்று ஒரு மனுசர் யோசிக்கவில்லை. அநியாயம் என்றால் இதுதான் அநியாயம்.

அன்றும் மேனுஜாவின் ஓடம் மேடைக்கு வந்ததும், பாட்டுப் போடுகிற நிதுஷன் பல்லவியோடு வெட்டினான். அந்தக் கணத்தில்தான் செங்கான் உள்ளே வந்து, நேரே அவனிடம் போனான்.

"ஐயா, என் பிள்ளைக்கு இன்னும் மருந்து போய்ச் சேரவில்லை" என்றான், படத்தில் பேசுகிற அதே தமிழில்.

தவராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, முகூர்த்தம் போகுது, சோறு ஆறுது. உம்மட பிள்ளையைப் பிறகு பாப்பம்."

மேனுஜா ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் தாதி. நகையெல்லாம் குலுங்க ஓடத்தில் எழும்பி நின்றாள். "காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பிறகு எண்டு ஒண்டு இல்லையப்பா. நிதுஷன் அண்ணை, முழுசாப் போடுங்கோ."

போட்டான். முதல் சரணத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. இரண்டாவதில் சாம்பார்க் கிடாரம் மிதந்து வாசலைத் தாண்டியது. மாமிமார் சேலைகளைத் தூக்கிக்கொண்டு கதிரைகளில் ஏறினார்கள். ரெஜிபோம் ஓடம் மெய்யாகவே ஓடியது. செங்கான் அதில் தாவி ஏறி வலித்தான். படத்தை நாற்பது தரம் பார்த்தோம் என்று சத்தியம் செய்கிற கிழவர்களுக்குக் கடைசிச் சரணம் ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அது முடிய வெள்ளம் வடிந்தது. மேடைப் படியில் கறுப்பு வெள்ளையாக ஒரு சின்னப் பெண் இருந்தாள். மருந்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு மேனுஜாவுக்குத் தாலி கட்டினார்கள்.

இப்போது தகப்பனும் மகளும் ஹொல்ஸ்டெப்ரோவில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் படத்தில் அவள் மட்டும் நிறமில்லாமல் நிற்கிறாள். ரீச்சர் அவளுக்குச் சிவப்புத் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார், அதுவும் சாம்பலாகிவிட்டது. மண்டபங்களில் பாட்டு முழுவதும் ஓடுகிறது, சனம் ஆறின சோறு சாப்பிடுகிறது.

போன கிழமை விபோர்க்கில் ஒரு கலியாணத்தில் யாரோ பழக்கதோஷத்தில் பல்லவியோடு வெட்டிவிட்டார்கள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த செங்கான் தலையிலிருந்து கால்வரை நனைந்துபோனான். மகள் துவாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, விபோர்க்குக்குப் போன் போட்டாள்.